பதம் பார்க்கும் அறிவு
உயிரியலார்க்குப் பயன்படும் ஒரு புள்ளியியல் நூல்பற்றிய ஆய்வு

'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது பழமொழி. புள்ளியியல் என்னும் துறையின் கருத்து முழுவதும் இப்பழமொழிக்குள் அடங்கிக் கிடக்கிறது என்று சொல்வார் உண்டு. சிலவற்றைப் பார்த்துப் பலவற்றை அறிவதே அத்துறையின் பணி. ஆயினும், ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்துப் பானைச் சோறு வெந்துவிட்டது என்று சொல்பவர், அந்த ஒரு பருக்கையை மட்டும் நம்பி அம்முடிவுக்கு வருவதில்லை. அரிசி அனைத்தும் ஒரே மூட்டையிலிருந்து எடுத்தது. ஒரே உலையில் இட்டது. ஒரே நெருப்பில் கொதித்தது. கொதி வந்து எவ்வளவு நேரமாயிற்று என்பதும் அவருக்குத் தெரியும். இந்த முன்னறிவு இருப்பதனால்தான் ஒரு பருக்கை போதியதாகிறது. பழைய அரிசியும் புது அரிசியும் கலந்து கிடந்தால் ஒரு பருக்கை போதாது. ஆகவே, பருக்கை சொல்வது பாதி. முன்னறிவு சொல்வது பாதி.

மறைந்து நிற்கும் அந்தப் பாதியை வெளியே எடுத்து, எண்ணாக எழுதி, கணக்கில் சேர்க்கச் சொல்வதே புள்ளியியலில் பேய்ஸ் முறை எனப்படுவது. உயிர்களை ஆராய்வோர்க்கு இம்முறை பெரிதும் வேண்டப்படுகிறது. அரிய விலங்குகளை ஆராய்பவர்க்கு ஆயிரக்கணக்கில் சான்றுகள் கிடைப்பதில்லை. நான்கு கூடுகளோ, பத்துக் குட்டிகளோ கிடைத்தால் அதுவே பெரிது. சான்று சுருங்கிய இடத்தில் முன்னறிவின் பங்கு பெருகுகிறது. அதனை ஒளித்து வைப்பதா, வெளிப்படச் சொல்வதா என்பதே வினா.

இம்முறையைத் தொடக்கத்திலிருந்து கற்பிக்கும் நூல்களுள் உயிரியலாரால் விரும்பிப் பயிலப்படுவது ரிச்சர்ட் மெக்கெல்ரீத் எழுதிய 'ஸ்டாட்டிஸ்டிக்கல் ரீதிங்கிங்' என்பது. 'புள்ளியியலை மறுபடி எண்ணிப் பார்த்தல்' என்று அப்பெயரைத் தமிழில் சொல்லலாம். முதற்பதிப்பு 2016ஆம் ஆண்டினது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 2020இல் வெளிவந்தது. ஆசிரியர் புள்ளியியலார் மரபில் வந்தவர் அல்லர். மனித இனத்தின் பரிணாமத்தை ஆராய்பவர். ஜெர்மனியின் லைப்சிக் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானிடவியல் நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவராக இருந்து இரண்டாம் பதிப்பை எழுதியவர். இந்நூல் எதைச் செய்திருக்கிறது, எதைச் செய்யாமல் விட்டிருக்கிறது என்று காண்பது, இத்துறையில் புதிதாக அடியெடுத்து வைப்பார்க்கும் அவர்க்குக் கற்பிப்பார்க்கும் பயன் தரும்.

இருபதில் ஒன்று

இருபதாம் நூற்றாண்டின் உயிரியல் ஆய்வுகளில் மிகப் பல, ரொனால்ட் ஃபிஷர் வகுத்த நெறியைப் பின்பற்றி நடந்தவை. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆய்வு நிலையத்தில் பணிபுரிந்த அவர், மரபியலிலும் பேரறிஞர். ஆய்வாளர்க்கென 1925இல் அவர் வெளியிட்ட புள்ளியியல் நூல் உலகெங்கும் பரவியது. அந்நெறி எளியது. 'வேறுபாடு ஒன்றும் இல்லை' என்று முதலில் ஒரு கருதுகோளை வைத்துக்கொள்வது. அது மெய்யானால், கண்ட அளவு வேறுபாடோ அதனினும் மிகுந்த வேறுபாடோ தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிடுவது. அவ்வாய்ப்பு இருபதில் ஒன்றுக்குக் குறைந்தால் அக்கருதுகோளைத் தள்ளுவது.

நெறியில் பிழை இல்லை. அதனைப் பொருள் கொள்வதில்தான் பிழை புகுந்தது. கணக்கு சொல்வது, 'கருதுகோள் மெய்யானால் இந்தச் சான்று கிடைக்கும் வாய்ப்பு' என்பதை. ஆய்வாளர் அறிய விரும்புவதோ, 'இந்தச் சான்று கிடைத்தபின் கருதுகோள் மெய்யாக இருக்கும் வாய்ப்பு' என்பதை. இவ்விரண்டும் வேறு வேறு. மழை பெய்தால் வாசல் நனையும் என்பது உறுதி. வாசல் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது என்பது உறுதி அன்று. நாள்தோறும் விடியற்காலையில் வாசல் தெளிக்கும் வீடாயின், நனைந்த வாசல் மழைக்குச் சான்றாகவே நில்லாது. முதற்கூற்றை இரண்டாம் கூற்றாக மாற்ற வேண்டுமானால், அது எத்தகைய வீடு என்னும் முன்னறிவு வேண்டும்.

இம்மயக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்பதற்குச் சான்று, அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதன்பொருட்டே ஓர் அறிக்கை வெளியிட நேர்ந்தமை. இந்த அளவு கருதுகோள் மெய்யாக இருக்கும் வாய்ப்பைக் குறிப்பது அன்று என்பதை அவ்வறிக்கை தெளிவாக எடுத்துரைத்தது. ஃபிஷர் நூல் வெளிவந்து தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இதனைச் சொல்ல வேண்டியிருந்தது.

குளத்துத் தவளை

இரண்டு நெறிகளுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு சிறு கணக்கால் காணலாம். ஒரு குளத்தைத் தூர்த்துக் கட்டடம் எழுப்ப எண்ணுகிறார்கள். அக்குளத்தில் ஓர் அரிய தவளையினம் வாழ்கிறதா என்று அறிந்துவர உயிரியலார் ஒருவர் அனுப்பப்படுகிறார். தவளை அங்கே இருந்தால், ஓர் இரவு காத்திருந்து அதன் குரலைக் கேட்கும் வாய்ப்பு 60 விழுக்காடு. கேளாமற்போகும் வாய்ப்பு 40 விழுக்காடு. நான்கு இரவுகள் காத்திருக்கிறார். குரல் கேட்கவில்லை. தவளை இல்லை என்று எழுதிக் கொடுக்கலாமா?

பழைய நெறிப்படி, 'தவளை இருக்கிறது' என்பதைக் கருதுகோளாகக் கொள்ள வேண்டும். இருந்தும் மூன்று இரவுகள் தொடர்ந்து குரல் கேளாத வாய்ப்பு ஆயிரத்தில் 64. இஃது இருபதில் ஒன்றைவிட மிகுதி. ஆகவே மூன்று இரவுகளோடு கருதுகோளைத் தள்ள இயலாது. நான்கு இரவுகள் கேளாத வாய்ப்பு ஆயிரத்தில் ஏறத்தாழ 26. இஃது இருபதில் ஒன்றைவிடக் குறைவு. ஆகவே நான்காம் இரவோடு கருதுகோள் தள்ளப்படுகிறது. எந்தக் குளமாயினும், எந்த ஊராயினும் இதுவே விடை.

பேய்ஸ் முறையில், அக்குளம் எத்தகையது என்று முதலில் கேட்க வேண்டும். அதே வகையான நூறு குளங்களில் ஐம்பதில் இத்தவளை வாழ்வது முன்னரே தெரிந்தது என்று கொள்ளலாம். தவளை உள்ள ஐம்பது குளங்களில் நான்கு இரவும் ஓசையின்றி இருப்பவை ஏறத்தாழ 1.3, தவளை இல்லாத ஐம்பதும் ஓசையின்றியே இருக்கும். ஆகவே ஓசையற்ற குளங்களில் தவளை உள்ளவை ஏறத்தாழ 2.5 விழுக்காடு. இங்கே 'இல்லை' என்று எழுதுவது பொருந்தும்.

இனி, அக்குளம் நாணல் அடர்ந்து, நீர் வற்றாது, அத்தவளைக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது என்று கொள்ளலாம். அத்தகைய நூறு குளங்களில் தொண்ணூறில் தவளை உண்டு. அத்தொண்ணூறில் நான்கு இரவும் ஓசையற்றவை ஏறத்தாழ 2.3, தவளை இல்லாத பத்தும் ஓசையற்றவை. ஆகவே தவளை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. ஐந்தில் ஒரு பங்கு ஐயம் இன்னும் நிற்கிறது. அந்நிலையில் 'இல்லை' என்று கையெழுத்திடுவது, தூர்க்கப்படும் குளத்தோடு ஓர் உயிரினத்தையும் புதைப்பதாக முடியலாம்.

சான்று ஒன்றே, நான்கு இரவுகளின் மௌனம். முன்னறிவு மாறியதனால் முடிவு மாறுகிறது. இதனை மறுப்பார், 'முன்னறிவு என்பது ஆளுக்கு ஆள் மாறுமே. அறிவியலில் அதற்கு இடம் உண்டா?' என்று கேட்பர். கேள்வி நியாயமானது. ஆனால் இருபதில் ஒன்று என்னும் எல்லையும் ஒருவர் வகுத்த எல்லையே அன்றோ? முன்னறிவு வெளிப்பட எழுதப்பட்டால், பிறர் அதனைக் கண்டு, 'இந்த 90 எங்கிருந்து வந்தது?' என்று கேட்கலாம். எழுதப்படாத முன்னறிவை எவரும் கேள்வி கேட்க முடியாது.

மறந்து மீண்ட முறை

இம்முறை புதியது அன்று. தாமஸ் பேய்ஸ் இங்கிலாந்தில் டன்பிரிட்ஜ் வெல்ஸ் என்னும் ஊரில் கிறித்தவச் சமயப் பணி ஆற்றியவர். 1761இல் அவர் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற கட்டுரையை நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் செப்பம் செய்து அனுப்ப, 1763இல் அது லண்டன் ராயல் கழகத்தில் படிக்கப்பட்டது. பிரெஞ்சு அறிஞர் லாப்பிளாஸ் 1774இல் தாமாகவே இக்கருத்தைக் கண்டு, பின்னர் விரிவாக வளர்த்தார். ஃபிஷர் இதனை அடியோடு மறுத்தார். நிலநடுக்கங்களை ஆராய்ந்த ஹெரால்ட் ஜெப்ரிஸ் 1939இல் வெளியிட்ட நூலில் இதற்காக வாதாடினார்.

கொள்கைப் போர் ஒருபுறம் இருக்க, கணக்கின் கடுமையே பெருந்தடையாக இருந்தது. குளத்துத் தவளைக்கு இரண்டே நிலைகள், கணக்கு எளிது. பல அளவுகள் ஒன்றோடொன்று பின்னிய வினாக்களில், எண்ணற்ற நிலைகள் அனைத்தையும் கூட்டிப் பார்க்க மனிதக் கையால் இயலவில்லை. அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக் கூடத்தில் 1953இல் மெட்ரோபொலிசும் அவருடன் பணிபுரிந்தோரும் வெளியிட்ட கணிப்பொறி வழி, அனைத்தையும் கூட்டாமல், தக்க இடங்களில் மாதிரி எடுத்து விடை காண உதவியது. 1990இல் கெல்பாண்டு, ஸ்மித் ஆகிய இருவரின் கட்டுரை அவ்வகை வழிகளைப் புள்ளியியலாரிடம் பரப்பியது. அதன்பின்னரே உயிரியலார் மேசைக்கு இம்முறை வந்து சேர்ந்தது.

நூல் நடத்தும் பாடம்

மெக்கெல்ரீத்தின் நூல் பதினேழு இயல்களைக் கொண்டது. ஏறத்தாழ 600 பக்கம். தொடக்கமே ஒரு கதை. பிராக் நகரத்து யூத குரு ஒருவர் களிமண்ணால் ஓர் உருவம் செய்து அதற்கு உயிர் கொடுத்தார். ஏவியதைச் செய்யும் ஆற்றல் அதற்கு உண்டு, எண்ணிப் பார்க்கும் அறிவு இல்லை. நம் நாட்டுக் கதைகளில் வரும் ஏவல் பூதத்தை இது நினைவூட்டுகிறது. புள்ளியியல் வாய்பாடுகளும் அத்தகையவையே என்கிறார் ஆசிரியர். எந்த வினாவுக்கு எந்த வாய்பாடு என்று பட்டியலைப் பார்த்து ஏவிவிட்டால், அது கேட்ட கணக்கைச் செய்யும். கேட்டது தகுந்ததா என்று சொல்லாது.

அடுத்து வரும் பாடமே நூலின் உயிர்நிலை. ஒரு பையில் நான்கு கோலிக்குண்டுகள். சில நீலம், சில வெள்ளை. ஒன்றை எடுத்துப் பார்த்துத் திரும்பப் பையில் இட வேண்டும். மூன்று முறை எடுத்ததில் நீலம், வெள்ளை, நீலம் என வந்தன. பையில் நீலம் எத்தனை? ஒன்றே நீலமானால் இவ்வரிசை மூன்று வழிகளில் வரக்கூடும். இரண்டானால் எட்டு வழிகளில். மூன்றானால் ஒன்பது வழிகளில். நான்கும் நீலமாகவோ வெள்ளையாகவோ இருத்தல் இயலாது. ஆக மொத்தம் இருபது வழிகள். அவற்றுள் ஒன்பது, மூன்று நீலத்தின் பக்கம் நிற்கின்றன. ஆகவே அதன் நம்பகம் 45 விழுக்காடு. இரண்டு நீலத்திற்கு 40, ஒன்றிற்கு 15.

வாய்பாடு எதுவும் இன்றி, எண்ணத் தெரிந்த எவரும் இதனைப் பின்தொடரலாம். பேய்ஸ் முறை என்பது, கண்டது நிகழக்கூடிய வழிகளை எண்ணுவதே. வழி மிகுதியாக உள்ள கருதுகோளே மிகுந்த நம்பகம் உடையது. இக்கருத்தை இவ்வளவு எளிமையாகவும் பழுதின்றியும் சொன்னது ஆசிரியரின் பெரும்பேறு. பின்னர், பூமியின் உருவம் தீட்டிய பந்து ஒன்றை மேலே எறிந்து பிடித்து, விரல் படும் இடம் நீரா நிலமா என்று குறிக்கச் சொல்கிறார். ஒன்பது முறையில் ஆறு முறை நீர். பூமியில் நீரின் பங்கு யாது? இங்கே விடை ஓர் எண்ணாக வராமல், ஒவ்வொரு பங்குக்கும் எவ்வளவு நம்பகம் என்று காட்டும் வளைகோடாக வருகிறது. ஒவ்வோர் எறிதலுக்கும் அவ்வளைகோடு சற்றே திருந்தி, குறுகி, உயர்வதைப் படங்கள் காட்டுகின்றன. அறிவு வளர்வது எவ்வாறு என்பதைக் கண்ணால் காணும் வாய்ப்பு அது.

கணிப்பொறி வழியைக் கற்பிக்கவும் ஒரு கதை உண்டு. வட்டமாக அமைந்த பத்துத் தீவுகளை ஆளும் மன்னன், ஒவ்வொரு தீவிலும் அதன் மக்கள்தொகைக்கு ஏற்ற அளவு தங்க விரும்புகிறான். கணக்கேடு வேண்டாம், காசு சுண்டி அடுத்த தீவு எது என்று பார்ப்பதும், அங்குள்ள தொகையையும் இங்குள்ள தொகையையும் ஒப்பிடுவதும் போதும். நெடுங்காலத்தில் அவன் விருப்பம் நிறைவேறுகிறது. மெட்ரோபொலிஸ் வழியின் சாரம் இதுவே. ஆசிரியரின் விரிவுரைகள் இணையத்திலும் கட்டணமின்றிக் காணக் கிடைக்கின்றன.

பல பானைகள்

நூலின் பிற்பகுதியில் ஆப்பிரிக்க நாணல் தவளையின் தலைப்பிரட்டைகள் வருகின்றன. 48 தொட்டிகளில் அவை வளர்க்கப்பட்டன. சில தொட்டிகளில் பத்து, சிலவற்றில் இருபத்தைந்து, சிலவற்றில் முப்பத்தைந்து. ஒவ்வொரு தொட்டியிலும் எத்தனை பிழைத்தன என்பதே கிடைத்த செய்தி.

இங்கே இரு தவறுகள் நேரலாம். தொட்டிகள் எல்லாம் ஒன்றே என்று கொண்டு அனைத்தையும் கூட்டிச் சராசரி காண்பது ஒரு தவறு. ஒவ்வொரு தொட்டியும் தனி உலகம் என்று கொண்டு, ஒன்றில் கற்றதை மற்றொன்றுக்கு அடியோடு மறந்துவிடுவது மற்றொரு தவறு. பத்துத் தலைப்பிரட்டையும் பிழைத்த தொட்டியைக் கண்டு, அங்கே சாவே இல்லை என்று சொல்வது எவ்வளவு பேதைமை! ஆசிரியர் காட்டும் நடுவழியில், தொட்டிகளின் பொதுத்தன்மையும் கணிக்கப்படுகிறது. ஒவ்வொன்றின் தனித்தன்மையும் கணிக்கப்படுகிறது. பத்தே உள்ள தொட்டியின் மதிப்பு பொதுச் சராசரியை நோக்கி மிகுதியாக இழுக்கப்படும். முப்பத்தைந்து உள்ளதன் மதிப்பு சிறிதே இழுக்கப்படும். சான்று மெலிந்தது உறவினரின் தோளில் சாய்கிறது. சான்று வலுத்தது தன் காலில் நிற்கிறது.

பழமொழி ஒரு பானையைப் பற்றியது. உயிரியலார் முன் இருப்பவை பல பானைகள்: பல குளங்கள், பல காடுகள், பல ஆண்டுகள். ஒரு பானையின் பதம் மற்றொரு பானைக்கு எவ்வளவு பொருந்தும் என்பதையும் சான்றைக் கொண்டே அறியலாம் என்பது இந்நூல் தரும் பெரும் செய்தி. உயிரியல் மாணவர் ஒருவர் இந்த ஓர் இயலுக்காகவே நூலைப் படிக்கலாம்.

178 சென்டிமீட்டர்

இத்துணைச் சிறப்புடைய நூலில் ஓர் இடைவெளி இருக்கிறது. அதுவும் நடு மையத்தில் இருக்கிறது. முன்னறிவு எங்கிருந்து வரும் என்பதே அது.

நான்காம் இயலில், கலஹாரிப் பாலைநிலத்துக் குங் மக்களின் உயரம் ஆராயப்படுகிறது. செய்திகளைத் திரட்டியவர் நான்சி ஹவல் என்னும் ஆய்வாளர். வயது வந்தோர் 352 பேர். கணக்கைத் தொடங்கச் சராசரி உயரத்திற்கு ஒரு முன்மதிப்பு வேண்டும். ஆசிரியர் 178 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு, இருபக்கமும் மிக அகன்ற இடம் விடுகிறார். ஏன் 178? அது ஆசிரியரின் சொந்த உயரம் என்று நகைச்சுவையோடு அவரே சொல்லிவிடுகிறார். குங் மக்களின் சராசரியோ ஏறத்தாழ 155. 352 பேரின் சான்று வந்து சேர்ந்ததும் அந்த முன்மதிப்பு சுவடின்றி மறைகிறது. விடை 155க்கு அருகிலேயே வருகிறது.

அடுத்து, அதே 178ஐ மிகக் குறுகிய இடைவெளியோடு, அசையாத நம்பிக்கையாக வைத்துக் காட்டுகிறார். இப்போது 352 பேரின் சான்றும் அதனை அசைக்கவில்லை. விடை 178ஐ விட்டு நகரவில்லை. மாறாக, ஆளுக்கு ஆள் உயரம் வேறுபடும் அளவு பன்மடங்கு வீங்கிவிடுகிறது. பிடிவாதமான நம்பிக்கை, தான் திருந்தாமல் தன்னைச் சுற்றியுள்ள அனைத்தையும் கோணலாக்குகிறது என்பதற்கு இதனினும் நல்ல பாடம் இல்லை.

ஆனால் மாணவர் இதிலிருந்து கொள்ளும் முடிவு யாது? முன்மதிப்பு அகன்றிருந்தால் தீங்கில்லை. குறுகினால் தீங்கு என்பதே. அதாவது, முன்னறிவைக் குறைவாகச் சொல்வதே பாதுகாப்பு. நூல் நெடுகிலும் முன்மதிப்பைச் சோதிக்கும் வழி கற்பிக்கப்படுகிறது, அதுவும் நன்றே. முன்மதிப்பை மட்டும் கொண்டு கற்பனைச் செய்திகளை உண்டாக்கி, அவற்றில் எதிர்மறை உயரமோ, வானளாவிய மனிதரோ தோன்றினால் அதனைத் திருத்துமாறு ஆசிரியர் வற்புறுத்துகிறார். இஃது அபத்தத்தைத் தவிர்க்கும் வழி. அறிவைச் சேர்க்கும் வழி அன்று. பிழையான உறுதியின் தீமையை நூல் காட்டியது. சரியான உறுதியின் நன்மையை அதே அழுத்தத்தோடு காட்டவில்லை. 352 பேர் உள்ள இடத்தில் முன்னறிவு வேண்டுவதில்லை. நான்கு கூடுகள் உள்ள இடத்தில்தான் வேண்டும். அந்த இடமே உயிரியலார் நாள்தோறும் நிற்கும் இடம்.

இவ்விடைவெளியை நிரப்ப மற்றொருவர் துணை வேண்டும். மெல்பர்ன் பல்கலைக்கழகச் சூழலியலார் மைக்கேல் மக்கார்த்தி 2007இல் வெளியிட்ட 'சூழலியலுக்கான பேய்ஸ் முறைகள்' என்னும் பொருள்படும் நூல், முன்னறிவைத் தேடிச் சேர்ப்பதை வற்புறுத்துவது. அவர் மற்றொருவருடன் 2005இல் எழுதிய கட்டுரையில் ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. ஐரோப்பிய ஓடைகளில் வாழும் டிப்பர் என்னும் சிறு பறவை ஆண்டுதோறும் எந்த விகிதத்தில் பிழைத்திருக்கிறது என்று அறிய வேண்டும். அப்பறவையைப் பற்றிய சான்றைக் காணுமுன்பே, அதன் இனத்தைச் சேர்ந்த பிற பறவைகளின் உடல் எடைக்கும் பிழைப்புக்கும் உள்ள தொடர்பு நூல்களில் இருக்கிறது. எடை தெரிந்தால் பிழைப்பை ஓரளவு ஊகிக்கலாம். அந்த ஊகமே முன்மதிப்பு. அது ஆசிரியரின் உயரம் அன்று. முன்னோர் உழைத்துச் சேர்த்த அறிவு. சான்று ஓராண்டோ ஈராண்டோ மட்டும் உள்ள நிலையில் அது களப்பணியின் சுமையையே குறைக்கும்.

பிற குறைகள் சிறியவை. பயிற்சிகள் பலவும் ஆசிரியரே இயற்றிய கணிப்பொறிக் கருவிகளைச் சார்ந்தவை. அவை இல்லாத இடத்தில் மாணவர் தடுமாறலாம். இயல்களின் பெயர்களில் வரும் மேலைநாட்டு விளையாட்டுச் சொற்கள் புறத்தாருக்கு உடனே விளங்குவதில்லை. நம்பக இடைவெளிக்கு 95 விழுக்காடு என்னும் வழக்கத்தை விட்டு 89 விழுக்காட்டை ஆள்வதும் விளையாட்டுப் போலத் தோன்றும். ஆனால் இந்தக் கடைசி விளையாட்டில் பொருள் உண்டு. 89க்கு என்ன காரணம் என்று கேட்பவர், 95க்கு என்ன காரணம் என்றும் கேட்க வேண்டியவர் ஆகிறார்.

சொல்லும் பொருளும்

தமிழில் இம்முறையைக் கற்பிக்க முற்படுவார் சொற்களைப் பற்றியும் எண்ணுதல் வேண்டும். 'நிகழ்தகவு' என்பது பாடநூல்களில் நிலைபெற்ற நல்ல சொல். நாணயம் சுண்டினால் தலை விழும் தகவு, நாளை மழை பெய்யும் தகவு என்னும் இடங்களில் அது முற்றும் பொருந்தும். ஆனால் குளத்தில் தவளை இருக்கிறதா இல்லையா என்பது இனி நிகழப் போவது அன்று. அது இப்போதே இருக்கிறது, அல்லது இல்லை. மாறுவது குளம் அன்று. குளத்தைப் பற்றிய அறிவு. பையிலுள்ள குண்டுகளும் அவ்வாறே. ஆகவே பேய்ஸ் முறையில் 'நிகழ்' என்னும் அடை மாணவரை வழி தவறச் செய்யக்கூடும். இங்கே 'நம்பத்தகவு' என்று வழங்கினால் பொருள் தானே விளங்கும். சான்றுக்கு முன் உள்ளதை முன்தகவு என்றும், பின் உள்ளதைப் பின்தகவு என்றும் சொல்லலாம். ஒரு கருதுகோள் கண்ட சான்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்னும் மூன்றாவது அளவை 'ஒப்புத்தகவு' எனப் பிரித்துவிட்டால், மழைக்கும் வாசலுக்கும் நேர்ந்த பழைய மயக்கம் சொல்லளவிலேயே தடுக்கப்படும். மெக்கெல்ரீத்தும் தொடக்க இயல்களில் வழக்கமான சொல்லை ஒதுக்கி, நம்பகம் என்னும் பொருளுடைய சொல்லையே மிகுதியாக ஆள்வது கருதத்தக்கது.

தொடங்குவோர்க்கு

புதிதாகத் தொடங்கும் உயிரியல் மாணவர்க்கு ஏற்ற வரிசை இதுவாகலாம். முதலில் கணிப்பொறியைத் தொடாமல், நான்கு விதைகளைப் பையிலிட்டு வழிகளை எண்ணிப் பார்க்க வேண்டும். அடுத்து, தவளைக் குளம் போன்ற இருநிலைக் கணக்குகளை நூறு குளம், ஆயிரம் குளம் என்று முழு எண்களில் போட்டுப் பழக வேண்டும். விழுக்காட்டில் மயங்கும் மனம் எண்ணிக்கையில் மயங்குவதில்லை. அதன்பின் மெக்கெல்ரீத்தின் முதல் நான்கு இயல்களை ஊன்றிப் படிக்க வேண்டும். உடனே மக்கார்த்தியிடம் சென்று, தம் ஆய்வுக்குரிய முன்தகவு எந்த நூலில், எந்த உறவு இனத்தில் கிடைக்கும் என்று தேடக் கற்க வேண்டும். பின்னர் மீண்டும் வந்து பல பானைப் பாடத்தைப் படித்தால், அதன் அருமை நன்கு விளங்கும்.

இவ்வாறு படிப்பவர்க்கு மெக்கெல்ரீத்தின் நூல் சிறந்த ஆசான். அதனை மட்டும் படித்து நிறுத்துபவர், முன்னறிவைக் கண்டு அஞ்சக் கற்பாரேயன்றி அதனை ஈட்டக் கற்கமாட்டார். குளத்தங்கரையில் நான்கு இரவுகள் காத்திருந்து திரும்பும் ஆய்வாளர், எத்தனை இரவு காத்திருந்தார் என்பதோடு, செல்லுமுன் அக்குளத்தைப் பற்றி என்ன அறிந்திருந்தார், அதனை எங்கிருந்து அறிந்தார் என்பதையும் தம் அறிக்கையில் எழுதும் பழக்கம் வரவேண்டும். முதலாவதை எழுதப் பழைய நெறியே போதும். மற்றவற்றை எழுதுவதற்கே இப்புதிய பயிற்சி.